பனைமேட்டுக்காரர் நாள்

ஜாக்குலின் டீச்சருக்கு ஒரு பலவீனம் உண்டு. பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் நல்ல வாக்கியம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குப் படித்துக் காட்டுவாள். வீட்டில் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு புருஷன் சாலமனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிப்பாள். சாலமன் நல்ல மனுஷன். முழுசாகக் கேட்டுவிட்டு, நல்லா இருக்கிறது என்று சொல்லி, உப்பு போட்டாயா என்று கேட்பான்.

பதினாறு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு அப்படிப்பட்ட வாக்கியம் வருஷத்துக்கு மூன்றோ நாலோதான் கிடைத்தது. மற்றதெல்லாம் கைடு போட்ட பிச்சை. ‘எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர். மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்.’ இருபத்தெட்டு நோட்டிலும் எழில் கொஞ்சும், இருபத்தெட்டு நோட்டிலும் மக்கள் ஒற்றுமையாக வாழ்வார்கள். வெளியே அதே மக்கள் குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளிக்கூடம் ஓடைமேட்டில் இருந்தது. அவள் வீடு இருக்கிற திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மழைக்காலத்தில் பாதை முங்கிவிட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகு. ஏரிக்கு இந்தப் பக்கம் ஓடைமேடு, தண்ணீர் தாண்டி எதிரே பனைமேடு. இரண்டு குப்பத்துப் பிள்ளைகளும் அந்த ஒரே நடுநிலைப் பள்ளியில்தான் படித்தார்கள். எழுவாய்க்கு உதாரணம் கேட்டால் நண்டு என்பார்கள். பயனிலை என்ன என்றால் கடித்தது. செயப்படுபொருள் எப்போதும் அடுத்த பெஞ்சுக்காரன்.

அந்த வருஷம் ஏழாம் வகுப்பில் நெய்தல் நிலப் பாடம் நடத்தும்போது கடல், மீன், உப்பு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப்போட்டாள். மூன்றாவது பெஞ்சில் இருந்த வினோதினி எழுந்து நின்றாள். ஓடைமேட்டு வலைக்காரன் சுப்பராயலுவின் ஒரே பெண். அதிகம் பேசாதவள்.

“இதுல பாடு எங்க டீச்சர்?” என்றாள்.

பாடு என்றால் என்ன என்று டீச்சர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஏரியில் இறால் விழுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். அங்கே நினைத்தவன் நினைத்தபோது வலை கட்ட முடியாது. இன்றைக்கு ஓடைமேட்டு நாள் என்றால் நாளைக்கு பனைமேட்டு நாள். ஊருக்குள்ளே யாருக்கு எந்த நாள் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். அதற்கு முறை என்று பேர். முறை நாளில் புயல் அடித்தாலும் போனது போனதுதான், அடுத்த முறைக்கு இருபது நாள் காத்திருக்க வேண்டும். ஒரு ஊரில் சாவு விழுந்தால் அந்த ஊரார் அன்று வலை எடுக்க மாட்டார்கள். பாடு சும்மா கிடக்கும். எதிர் ஊர்க்காரன் அதைத் தொடக்கூடாது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாக இதைச் சொல்லச் சொல்ல டீச்சர் வாயைப் பிளந்து கேட்டாள். கேட்டதோடு விட்டிருக்கலாம். ‘எங்கள் வீட்டில் ஒரு நாள்’ என்று தலைப்பு எழுதிப்போட்டு, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கைடைத் தொட்டால் கை இருக்காது என்று சொல்லிவிட்டாள்.

வினோதினி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். முன்பாதி சாதாரணம். மார்கழியில் காற்றும் மழையும் சேர்ந்துகொண்டதில் நைனாவின் முறை நாள் இரண்டு தடவை வீணாய்ப் போனது, அம்மா ரேஷன் அரிசியில் உப்பு போட்டுக் கஞ்சி வைத்தது. பிறகு இப்படி வந்தது.

‘நைனா காலையில் வந்தார். கூடை நிறைய இறால் இருந்தது. அது பனைமேட்டுக்காரர் நாள். அங்கே சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் மேல் நன்றாகக் கேட்டது. அம்மா கூடையைப் பார்த்தாள், நைனா முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு இறால் குழம்பு நன்றாக இருந்தது. யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.’

பனைமேட்டுக்காரர் நாள், சாவு மேளம் என்ற அந்த இரண்டு வாக்கியத்தின் மேலும் பென்சிலால் கோடு போட்டு அடித்திருந்தாள். அழுத்தி அடித்ததில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது. அடியில் எழுத்து தெரிந்தது.

ஜாக்குலின் ஸ்டாஃப் ரூமில் அதை நாலு தடவை படித்தாள். அந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் கடைசி வரி செத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. சிவப்பு மையால் பக்கத்தில் எழுதினாள்: ‘இதை அடிக்காதே. கட்டுரைக்கு உயிரே இந்த வரிதான்.’ பெண்ணைக் கூப்பிட்டு அடித்ததையும் சேர்த்து வேறு தாளில் நல்ல கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னாள்.

“அது வாணாம் டீச்சர்.”

“ஏன்?”

வினோதினி காலால் தரையைத் தேய்த்தாள். “நல்லா இல்ல” என்றாள்.

“அதான்டி நல்லா இருக்கு. எது நல்லா இருக்குன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

பெண் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் வேண்டாம் என்கிறாள் என்று டீச்சர் இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத் தோன்றவில்லை என்று ஜாக்குலின் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது பொய். தோன்றியது. கேட்டால் அந்த வரியை விட வேண்டியிருக்குமோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

மாசி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. இரண்டு குப்பத்திலிருந்தும் பெற்றோர் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல் பெண்கள். பிஸ்கட்டும் டீயும் கொடுத்து முடித்த பிறகு, பிள்ளைகள் தமிழில் எப்படி எழுதுகிறார்கள் பாருங்கள் என்று தலைமை ஆசிரியர் தேவதாஸ் வினோதினியை முன்னால் கூப்பிட்டார். அவர் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர் இல்லை. ஜாக்குலின் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்.

பெண் நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தாள். ‘கூடை நிறைய இறால் இருந்தது’ என்கிற இடத்தில் குரல் இறங்கிவிட்டது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று ஏரித் தண்ணியில் இருக்கிற மீனுக்குக்கூடப் புரிந்திருக்கும். ஜாக்குலின் கையை மேலே தூக்கிக் காட்டினாள். சத்தமாகப் படி.

வினோதினி சத்தமாகப் படித்தாள்.

கைதட்டலாம் என்று கையைச் சேர்த்த தேவதாஸ், யாரும் தட்டவில்லை என்று கண்டதும் அப்படியே வைத்துக்கொண்டார். பின்வரிசையில் வேலம்மா, வினோதினியின் அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பனைமேட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து செவ்வந்தி எழுந்தாள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒரு பிள்ளை படித்தது. புருஷன் போய் இன்னும் நாற்பது நாள் முடியவில்லை. டீச்சருக்கு அதுவும் அப்போதுதான் உறைத்தது.

“அந்த மோளம் எங்க வூட்டு மோளம்” என்றாள் செவ்வந்தி. கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ விலாசம் சொல்கிற மாதிரி சொன்னாள். “அன்னிக்கு எங்க வூட்ல அடுப்பு எரியல. எம் புள்ளைங்க பன்னு துன்னுச்சிங்க. வேலக்கா, கொழம்பு நல்லா இருந்துச்சா?”

வேலம்மா எழுந்து முன்னால் வந்தாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். தாள் பெஞ்சு மேலேயே கிடந்தது.

எல்லோரும் போன பிறகு தேவதாஸ் ரொம்ப நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். “வலை வளைக்கப்பட்டது, இறால் பிடிக்கப்பட்டதுன்னு செயப்பாட்டு வினையில எழுத வச்சிருக்கக் கூடாதா மேடம்? யாருன்னு தெரியாம போயிருக்குமே” என்றார். மனுஷன் மெய்யாகவே யோசித்துத்தான் சொன்னார். அரசாங்கக் கடிதாசி எழுதியே பழகிய கை.

அன்று பஸ்ஸில் ஜாக்குலின் யாருக்கும் எதையும் படித்துக் காட்டவில்லை. வீட்டில் சாலமன், இறால் வாங்கி வந்திருக்கிறேன் என்று பையை நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவனிடம் நடந்ததைச் சொன்னபோதும் பென்சில் கோட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலை பின்னுகிற கொட்டகையில் இரண்டு ஊரும் கூடியது. பாடு பற்றிய தகராறு போலீசுக்குப் போகிற வழக்கம் இல்லை. அங்கேயே பேசி அங்கேயே தீர்ப்பார்கள். பெண்கள் உள்ளே உட்கார மாட்டார்கள், வெளியே மணலில் நிற்பார்கள். சர்ச்சு முடிந்த கையோடு ஜாக்குலின் வந்துவிட்டாள். டீச்சரம்மா என்பதால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எதிரே சுப்பராயலு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். ஒல்லியான ஆள். தலை குனிந்திருந்தது, ஆனால் யாரையும் கெஞ்சுகிற நிற்பு இல்லை.

அவன் வாய் திறப்பதற்கு முன்பே ஜாக்குலின் எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

“அந்த வரி அந்தப் பொண்ணோடது இல்ல. நான்தான் சேத்தேன். கட்டுரைக்காகச் சேத்தேன். தப்பு என்னோடது” என்றாள்.

கொட்டகையில் ஒரு அசைவு. ஓடைமேட்டு ஊர்த் தலைவருக்கு முகம் தெளிந்தது. பெரிய மனுஷி ஒருத்தி பொய் சொல்லக் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் என்று இரண்டு ஊர்ப் பெரியவர்களுக்குமே ஆசை. டீச்சரம்மாவே சொல்கிறார்கள், அப்புறம் என்ன என்று தலைவர் ஆரம்பித்தார். அப்படியானால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று வெளியிலிருந்து செவ்வந்தி சொன்னாள். எல்லோரும் வினோதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வேலம்மாவின் பின்னால் நின்றிருந்தாள். இடது கையில் முழங்கைக்கு மேலே அகப்பைக் காம்பு பட்ட தழும்பு இருந்தது.

“அவளக் கேக்க வாணாம்” என்றான் சுப்பராயலு. “டீச்சரம்மா நல்லவங்க. எனக்கோசரம் பொய் சொல்லிகினு கீறாங்க. எம் பொண்ணு எழுதனது நெசம். அத பொய்யின்னு சொல்லி நான் தப்பிச்சிகினா, நாளிக்கு அவ இன்னாத்த எழுதுவா? நான்தான் போனேன். மோளம் கேட்டுகினேதான் வலை போட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. மூன்று முறை தள்ளிவைத்தார்கள். சுப்பராயலுவுக்கு மூன்று முறைக்குப் பாடு கிடையாது. கணக்குப் பார்த்தால் இரண்டு மாதம், அதுவும் இறால் கொழுத்த இரண்டு மாதம். செவ்வந்தி கூடவும் கேட்கவில்லை, குறைக்கவும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தாள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் ஜனங்கள் ஜாக்குலினைக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் வீட்டு வாசலிலிருந்து எழுந்து வந்து, சொந்த சனம்கூட இப்படி முன்னால் வந்து நிற்காது என்றார். இன்னொருத்தி மடவைக் கருவாடு ஒரு பொட்டலம் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் விடவில்லை. அவள் சொன்னதில் பாதி, தப்பு அவளுடையது என்ற பாதி, உண்மை என்று அந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளுக்கு வயது பன்னிரண்டு. உண்மையைச் சொல்லியும் நல்ல பேர் வாங்கிய பாவி உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று ஜாக்குலின் நினைத்துக்கொண்டாள். பொட்டலத்தை பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவளிடம் கொடுத்துவிட்டாள்.

சுப்பராயலு வேலை தேடி எண்ணூர்ப் பக்கம் போய்விட்டான். வேலம்மா விடியக்காலையில் காட்டூருக்கு ஆட்டோவில் களை பறிக்கப் போனாள். வலைக்காரன் வீட்டுப் பெண் சேற்றில் குனிந்து களை பறிப்பதைக் காட்டூர்க்காரிகளே அதிசயமாகப் பார்த்தார்களாம். வினோதினி ஒரு நாளும் லீவு போடாமல் பள்ளிக்கூடம் வந்தாள். அடுத்த கட்டுரையை ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தாள். ‘எங்கள் ஊர் இயற்கை எழில் கொஞ்சும் ஊர். மக்கள் ஒற்றுமையாக வாழ்கிறார்கள்.’

ஜாக்குலின் அந்த நோட்டை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துச் சுமந்தாள். நாலாவது நாள் பள்ளி விட்டதும் ஆட்டோவுக்குப் போகாமல் சுப்பராயலு வீட்டுக்கு நடந்தாள்.

வேலம்மா அப்போதுதான் வந்திருந்தாள். கால் விரல் இடுக்கில் காட்டூர்ச் சேறு காய்ந்திருந்தது. கூரை எரவாணத்தில் வலை சுருட்டிச் செருகிக் கிடந்தது. டீச்சரைக் கண்டதும் பதறிக்கொண்டு பாயை உதறிப் போட்டாள், டீ போட அடுப்பைப் பற்றவைத்தாள். வேலை பழகிவிட்டதா என்று ஜாக்குலின் கேட்டாள். முதுகுதான் கேட்கவில்லை என்று சொல்லி வேலம்மா சிரித்தாள். சுப்பராயலு வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறாராம், மகளிடமும் பேசுகிறாராம். வலை எலி கடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

“நீங்க இன்னா பண்ணுவீங்க டீச்சர்? உங்களால முடிஞ்சத அன்னிக்குப் பண்ணிட்டீங்க. இவதான் வாய அடக்கத் தெரியாதவ. வாயால பேசமாட்டா, கையால பேசிட்டா” என்றாள்.

வினோதினி மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வேலம்மா எழுந்து தகரப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பழைய கட்டுரை நோட்டு.

“இத இவ ஒளிச்சி வச்சிருந்தா. எனக்குப் படிக்கத் தெரியாது. சேப்பு மையில நீங்க இன்னாமோ எழுதிகீறீங்க. கேட்டா சொல்லமாட்டேன்றா. படிடீ, டீச்சர் முன்னாலயே படி.”

வினோதினி நோட்டை வாங்கினாள். டீச்சரைப் பார்க்கவில்லை. கண்ணை ஓடவிட்டு, தயங்காமல் படித்தாள்.

“‘கையெழுத்து நல்லா இருக்கு, இன்னும் நல்லா எழுதணும்’னு போட்டுகீறாங்க.”

அடுப்பில் பால் பொங்கி வந்தது. வேலம்மா ஓடிப்போய் இறக்கினாள். எழுந்து போய்விட ஜாக்குலினுக்கு வழி இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னால் போதும். கண்ணால் பார்த்ததை எழுது என்று அவள் சொல்லிக் கொடுத்த பெண், அவளைக் காப்பாற்றுவதற்காக அவள் எதிரிலேயே எழுத்தை மாற்றிப் படித்துவிட்டு, விட்ட கணக்கைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஜாக்குலினுக்கு வெட்கமாக இருந்தது. இந்த வெட்கத்தோடு இன்னொரு முறை அந்த வகுப்புக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்று தோன்றியது.

“அது அப்படி இல்ல வேலம்மா” என்றாள். நோட்டை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். “‘இதை அடிக்காதே. கட்டுரைக்கு உயிரே இந்த வரிதான்.’ அப்படித்தான் எழுதியிருக்கேன். உம் பொண்ணு அந்த வரிய அடிச்சிட்டா. பாரு, பென்சில் கோடு. வேணாம்னு வாயாலயும் சொன்னா. நான்தான் திரும்ப எழுத வச்சேன். கூட்டத்துல படிக்கும்போதும் என்னப் பாத்தா. சத்தமா படின்னு கையக் காட்டினேன்.”

வேலம்மாவுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் கோடு தெரிந்தது. தாள் கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் மகளின் இடது கையைப் பார்த்தாள்.

“நான் அடிச்சப்ப ஏண்டி சொல்லல?”

“சொன்னா நீ டீச்சர ஊருக்குள்ள வுடமாட்ட” என்றாள் வினோதினி. அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

வேலம்மா டீயை இரண்டு டம்ளரில் ஆற்றினாள். ஒன்றை டீச்சர் முன்னால் வைத்தாள். திட்டுவாள் என்று ஜாக்குலின் எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. வேலம்மா எரவாணத்து வலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீயக் குடிங்க. ஆறிடும்” என்றாள். பிறகு, “அவரு தப்பு பண்ணாரு, மூணு முறை தள்ளிட்டாங்க. அவரும் ஒத்துகினாரு. உங்களுக்கும் மூணு முறைன்னு வச்சிக்கோங்க டீச்சர். அவருக்கு முறை திரும்பற வரிக்கும் இவளுக்குக் கட்டுர வாணாம். எலக்கணம், செய்யுளு, எல்லாம் சொல்லிக் குடுங்க. கட்டுர மட்டும் வாணாம்.”

“சரி” என்றாள் ஜாக்குலின்.

“ஊருக்குள்ள நான் சொல்லமாட்டேன்.”

“நானே சொல்றேன்.”

“அது உங்க இஷ்டம்.”

ஜாக்குலின் டீயை முழுசாகக் குடித்தாள். சர்க்கரை போடவில்லை. மறந்ததா, இல்லாததா என்று கேட்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தலைவர் வீட்டில் போய்ச் சொன்னாள். இப்போது வழியில் யாரும் கும்பிடுவதில்லை. ஆட்டோக்காரன் மட்டும் பழையபடி பள்ளி கேட்டுக்கு எதிரில் நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கட்டுரை. தலைப்பை எழுதிப்போட்டதும் இருபத்தேழு பேர் நோட்டைத் திறந்தார்கள். வினோதினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஜாக்குலின் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது பெஞ்சைத் தாண்டும்போது வேகமாகப் போய்விட நினைத்தாள், முடியவில்லை. மூடிய நோட்டின் மேல் பென்சில் இருந்தது. அன்று காலையில்தான் சீவியிருந்தாள். கூர் மழுங்காமல் இருந்தது.